வாணியம்பாடியைப் பிடித்த வாரம்

1 ஆகஸ்ட் 1999, ஞாயிறு

வெயில். ஆகஸ்டில் இப்படி அடிக்கக் கூடாது.

விசேஷ அறிவிப்பு: ரோமப் பேரரசின் குதிரைப்படையில் நீண்ட காலம் (சென்ற செவ்வாய் முதல்) பணியாற்றி வந்த குதிரை ஒன்று இன்று மதியம் எங்கள் வீட்டுச் சாம்பாரில் தவறி விழுந்து வீரமரணம் அடைந்தது. பேரரசு துக்கம் அனுசரிக்கிறது. சாம்பார் மாற்றப்படவில்லை.

நடந்தது இதுதான். சாயம் காயட்டும் என்று குதிரையை அடுப்புக்கு மேலே ஜன்னலில் நிறுத்தியிருந்தேன். அம்மா ஜன்னலைச் சாத்தினாள். குதிரை டோ பஃப் ஷீட்டில் செய்தது. ஷூவின் மூக்கு விறைப்பாக நிற்க உள்ளே வைப்பார்களே, அது. சூடு பட்டால் இளகிவிடும். கரண்டியில் ஏறி வந்தபோது கால், வால், தலை எதுவும் இல்லை. அப்பா தட்டில் விழுந்தது. ஒரு கடி கடித்தும் பார்த்தார்.

"இன்னா முருங்கக்கா வாங்கினே? இவ்ளோ முத்தலா கீது."

அம்மா முருங்கைக்காயே போடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஜெபத்தில் இருப்பவன்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் பிற்காலத்தில் என் வரலாற்றை எழுதப்போகும் பாவப்பட்டவரின் வசதிக்காகச் சில குறிப்புகள்.

சங்கம் (பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடுகிறோம்): ஞாயிறு மதியம், தன்வீரின் சாச்சா (சித்தப்பா) கடை மாடி. கீழே சோல், லேஸ், லேஸ் கோக்கிற வளையமான ஐலெட், ஒட்டுகிற சொல்யூஷன் வியாபாரம். மேலே பண்டைய உலகம். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பச்சை ஸ்வேட் தோலை மேஜையில் விரித்தால் புல்வெளி. மாட்டுக்கு முள்கம்பி கிழித்த தழும்பு இருக்கிற இடம் மலை.

நடுவர்: ஹெலன் அக்கா (இனி ஹெ.அ.). ஷூ கம்பெனியில் பேட்டர்ன் ரூம். அங்கே வேலை பார்த்த ஜெர்மன் டெக்னீஷியன் ஊர் திரும்பும்போது ஒரு விதிப்புத்தகமும் ஒரு பெட்டி ஈய வீரர்களும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் இவற்றிலிருந்து தொடங்கியது. உலக வரைபடம் அக்காவே வரைந்தது. கிழக்கே விரிஞ்சிபுரம், மேற்கே வாணியம்பாடி, தெற்கே மலைக்காட்டில் ஆலங்காயம். நடுவில் பாலாறு. ஆம்பூரில் மட்டும் சண்டைக்குத் தடை. எல்லார் வீடும் இங்கேதான். பிரியாணிக் கடையைக் கொளுத்திவிட்டு அப்புறம் யார் பட்டினி கிடப்பது?

நான் (ஜோயல், ப்ளஸ் ஒன்): ரோமர். தலைநகர் விரிஞ்சிபுரம். ஈய வீரர்கள் சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தார்கள். பெட்டியில் குதிரை இல்லை. ஆகையால் சொந்தத் தயாரிப்பு. ஆகையால் சாம்பார்.

குமரன்: சேரர். தலைநகர் ஆலங்காயம். யானைப்படை. என் வகுப்பு, என் பக்கத்து வீடு, என் கூட்டாளி.

தன்வீர்: பாரசீகர். தலைநகர் வாணியம்பாடி. எங்களைவிட ஒரு வயது மூத்தவன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுச் சாச்சா கடையில் உட்கார்ந்துவிட்டான். அவன் படையில் ஒவ்வொரு வில்லாளியும் அவன் கையால் சோல் தோலில் வெட்டியது. கேடயத்துக்கு ஐலெட், வில்லுக்குத் தையல் நூல். தாடிகூடச் செதுக்கியிருக்கிறான். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி யோசிப்பான். பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் பேஜார்.

விதி: தலைநகர் விழுந்தால் ஆள் அவுட். கிறிஸ்துமஸுக்கு ஆட்டம் முடிகிறவரை மேஜைப் பக்கம் வரக் கூடாது. அவன் இடம் அடுத்து காத்திருப்பவருக்கு. மேஜைக்கு மூன்று பேர்தான். காத்திருப்பவர் தபால் ஆபீஸ் முருகேசன் சார், வயது நாற்பதுக்கு மேல். வாராவாரம் படியேறி வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: "யாராவது செத்தாங்களா?"

இன்று பெரிய சண்டை இல்லை. தன்வீர் பின்வாங்கிப் பின்வாங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். படையை அடுக்கிக்கொண்டே சொன்னான்:

"பொங்கலுக்கு அப்புறம் நான் இல்லடா. மாமு மெட்ராஸ்ல பெரியமேட்டுத் தோல் மண்டிக்குக் கூப்டுட்டார். ஞாயித்துக்கிழமகூட லீவு கெடையாதாம். இதான் எனக்கு கடைசி கேம். முழுசா ஆடிட்டுப் போவணும்."

"கவலப்படாத. நான் சீக்கிரமே முடிச்சு வுட்டுடறேன்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து நானே சிரித்தேன்.

4 ஆகஸ்ட், புதன்

மேகமூட்டம். வேதியியல் டெஸ்ட். அதைப் பற்றி வரலாறு மௌனம் சாதிக்கட்டும்.

பள்ளி விட்டதும் பூத்திலிருந்து சாச்சா கடைக்கு போன். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு:

"ஹலோ, மெட்ராஸ் பார்ட்டி பேசறோம். இடது கால் சோல் மட்டும் ஆயிரம் வேணும். வலது வேணாம்."

 பிறகு சாச்சா, ரொம்பப் பொறுமையாக:

"குடுக்கலாம் ஸார். வலது கால் சோலை உங்க அப்பா கைல குடுத்தனுப்பறேன். அவரு அதாலயே உங்களுக்கு ரெண்டு போடுவாரு. ஸ்கூல் வுட்டாச்சா, ஜோயல்?"

தோல்வி. ஆனால் கௌரவமான தோல்வி.

மாலை குமரன் வீட்டில் போர் ஆலோசனை. தீர்மானங்கள்: (அ) அவன் யானைகள் ஆலங்காயம் மலையிலிருந்து இறங்கித் தன்வீரை அந்தப் பக்கம் பார்க்க வைப்பது. (ஆ) நான் பாலாற்றைத் தாண்டுவது. (இ) குமரன் அம்மா செய்த அடையை உடனடியாகக் கைப்பற்றுவது. மூன்றாவது மட்டும் நிறைவேற்றப்பட்டது.

ஒரு சிக்கல். குதிரை ஒரு தடவைக்குப் பதினெட்டுக் கோடுதான் போகலாம். ஆறு இருபத்திரண்டு கோடு அகலம். முதல் தடவை நடு ஆற்றில் நிற்கும். அடுத்தது தன்வீர் முறை. வில்லாளிகள் சும்மா நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

(பிற்கால ஆசிரியருக்கு: கோடு என்பது சைஸ் ஸ்டிக்கில் இருக்கிற கோடு. விதிப்புத்தகத்தில் எல்லாம் அங்குலத்தில் இருந்தது. அங்குல டேப் எங்கள் யார் வீட்டிலும் இல்லை. பாதம் அளக்கிற சைஸ் ஸ்டிக் இல்லாத வீடே ஆம்பூரில் இல்லை. ஹெ.அ. எல்லாவற்றையும் கோட்டுக்கு மாற்றிவிட்டாள்.)

பாலாற்றில் தண்ணீர் வருவதற்கும் விதி உண்டு. நடுவர் இரண்டு பகடையிலும் ஆறு போட வேண்டும். ஆறு விழுந்தால்தான் ஆறு ஓடும். இந்த வருடம் இன்னும் ஓடவில்லை, நிஜத்தைப் போலவே.

8 ஆகஸ்ட், ஞாயிறு

வெயில், ஆனால் யாருக்கு வேண்டும் வானிலை! வாணியம்பாடி விழுந்தது!!

வரிசையாக எழுதுகிறேன். 

மூன்று மணிக்குப் போனோம். தன்வீர் முன்பே வந்து ஸ்வேட் விரித்து, பழுப்புத் தோல் பட்டையால் ஆற்றைப் போட்டு வைத்திருந்தான். முருகேசன் சார் ஆஜர். "யாராவது செத்தாங்களா?" இல்லை. பெருமூச்சு. ஓர் ஓரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு ஞானம் பிறந்தது. ஒரு காகிதத்தில் 'காலி இடம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒட்ட டேப் வேண்டும். சங்கத்து சைஸ் ஸ்டிக்கின் ஒரு முகத்தில் கறுப்பு டேப் நீளமாக ஒட்டியிருந்தது. உரித்தேன். "சார், உங்க தோள்ல எறும்பு" என்று தட்டிக் கொடுத்தேன். ரொம்ப நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார், முதுகில் அறிவிப்புடன். பஜார் முழுக்க.

பிறகு போர். யானைகள் மலையிலிருந்து இறங்கின. தன்வீர் நிறைய யோசித்துப் பாதி வில்லாளிகளை அந்தப் பக்கம் திருப்பினான். மீதிப் பாதி ஆற்றங்கரையில். ஹெ.அ.வுக்குக் கீழே போன் வந்தது, இறங்கிப் போனாள். என் முறை. குதிரைகளைக் கரையில் அணிவகுத்து, ஸ்டிக்கை வைத்து அளந்தேன். பதினெட்டாவது கோடு அக்கரை மணலைத் தொட்டது!

குமரன் வாயைப் பிளந்தான். தன்வீர் குனிந்தான்.

"ஒரே தடவைல வராதே. இரு, நான் எண்றேன்."

அவனே விரல் வைத்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டு. மறுபடி எண்ணினான். பதினெட்டேதான்.

"ஆத்தை நான்தானே போட்டேன். ஒடுக்கமா போட்டுட்டேன் போல" என்றான்.

அப்புறம் எல்லாம் மின்னல். கரையில் இருந்தவர்கள் அம்பு எடுப்பதற்குள் நான் அவர்கள் மேல். யானைப் பக்கம் போன பாதி திரும்பி வருவதற்குள் வாணியம்பாடிக் கோட்டைக்குள் என் கொடி. ஹெ.அ. மேலே வந்தபோது கதை முடிந்திருந்தது. "இவ்ளோ சீக்கிரமா?" என்றாள். "பதினெட்டு கோடுக்கா. நானே எண்ணிட்டேன்" என்றான் தன்வீர்.

அவன் படையை ஷூ டப்பாவில் போட்டான். ஒருவர்மேல் ஒருவர் விழாமல், வரிசையாக, டிஷ்யூ பேப்பர் வைத்து.

"நல்லா அடிச்சடா" என்று கை கொடுத்தான். "கடைல ஆள் இல்ல" என்று கீழே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு யாருமே வருவதில்லை. அது கிடக்கட்டும்.

பாலாற்றை ஒரே பாய்ச்சலில் தாண்டிய முதல் தளபதி நான். இன்றுமுதல் என் முழுப்பெயர்: வாணியம்பாடி கொண்ட ஜோயல்.

9 ஆகஸ்ட், திங்கள்

தூறல்போல் ஒன்று வந்து மனம் மாறித் திரும்பிவிட்டது.

வகுப்பில் கரும்பலகையில் போர் வரைபடம் போட்டு மாபெரும் சொற்பொழிவு. பாதிப் பேருக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி கைதட்டினார்கள். அதுதான் நல்ல குடிமக்களுக்கு அழகு. முதல் பெஞ்சு கண்ணாடிக்காரன் ஒருவன் மட்டும்:

"ஆறு இருபத்திரண்டு, குதிரை பதினெட்டுன்னு நீயே எழுதியிருக்கே. அப்புறம் எப்படி தாண்டுச்சு?"

"எதிரி ஆத்தை ஒடுக்கமா போட்டுட்டான். எதிரியோட தப்பை உபயோகிச்சிக்கறவன்தான் வீரன்."

கைதட்டல். கண்ணாடிக்காரன் உட்கார்ந்தான்.

மாலை தபால் ஆபீஸ் வழியாக வந்தேன். முருகேசன் சார் கவுண்டரிலிருந்து கையாட்டினார். முகத்தில் அப்படி ஓர் ஒளி. செய்தி எட்டிவிட்டது. முதுகுக் காகிதம் பற்றிக் கோபமே இல்லை. "அறிவிப்பு பொய்யாயிடுச்சி பாத்தியா தம்பி! இடம் காலி!" பக்கத்தில் ஸ்டாம்ப் வாங்க நின்ற அம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

வெயில். தயிர் சாதம். வேறு என்ன எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். என் பள்ளி ஷூ வாயைப் பிளந்துவிட்டது, புதியது எடுத்து வரவேண்டும். காலை நீட்டச் சொல்லி சைஸ் ஸ்டிக்கை வைத்தார்.

"ஏழு" என்றார். குச்சியைப் புரட்டி மறுபக்கம் பார்த்தார். "நாப்பத்தொண்ணு. எக்ஸ்போர்ட் லாட்ல இருக்கும், பாக்கறேன்."

எழுந்து குளிக்கப் போய்விட்டார். நான் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பக்கம் இங்கிலீஷ் சைஸ். கோடுகள் தள்ளித் தள்ளி. மறுபக்கம் ஃப்ரெஞ்சு சைஸ். கோடுகள் நெருக்கி நெருக்கி. பிறந்ததிலிருந்து பார்க்கிற குச்சி. நம் ஊர்க் கம்பெனிகளில் பாதி ஆர்டர் ஒரு சைஸில், பாதி இன்னொன்றில். சங்கத்தில் நெருக்கமான பக்கம்தான் கணக்கு. யாரும் மாற்றி அளந்துவிடக் கூடாது என்றுதான் மற்றப் பக்கத்தில் ஹெ.அ. கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாள்.

அந்த டேப் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். முருகேசன் சார் முதுகில் பஜார் சுற்றப் போனது.

தரையில் சாக்பீஸால் நெருக்கமான பக்கம் இருபத்திரண்டு கோடு வரைந்தேன். பாலாறு. பக்கத்தில் அகலமான பக்கம் பதினெட்டு. ஆற்றைத் தாண்டிக் கொஞ்சம் மணலிலும் நின்றது. திருப்பி நெருக்கமான பக்கம் பதினெட்டு. நட்டநடு ஆறு. கரைக்கு இன்னும் ஒரு விரற்கடைக்கு மேல் இருந்தது.

தன்வீர் ஆற்றைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். எண்ணியதும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். அவனிடம் தப்பான பக்கத்தைக் கொடுத்து எண்ண வைத்தது நான்.

குமரன் வீட்டுக்கு ஓடினேன். அவன் யானைக்குத் தந்தம் ஒட்டிக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்போ ஜாஸ்தி பேருக்கு இல்ல. வுடு."

"தப்புல்லடா?"

"வேணும்னா செஞ்சே? இல்ல. இன்னா இப்போ, ஊரைத் திருப்பிக் குடுப்பியா? ரோம்காரன் என்னிக்குடா புடிச்ச ஊரைத் திருப்பிக் குடுத்தான்? வாணியம்பாடில பாதி எனக்குன்னு நீதான் சொன்னே."

தந்தம் கோணலாக ஒட்டிக்கொண்டது. என்னைத் திட்டினான்.

12 ஆகஸ்ட், வியாழன்

காற்று. தெருவெல்லாம் தோல் பதனிடுகிற டேனரி வாசனை. விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு அது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்கிற தகவல் மட்டும்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கடைக்குப் போனேன். சாச்சா தொழுகைக்குப் போயிருந்தார். தன்வீர் மட்டும். கவுண்டரில் ஷூ டப்பா திறந்திருந்தது. வில்லாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிறிய கத்தியால் ஏதோ செய்துகொண்டிருந்தான்.

"இன்னா பண்றே?"

"தாடியை எடுக்கறேன். முருகேசன் சார் கிரேக்கர் ஆடப்போறாராம். அவருக்கு ஆளுங்களை வெட்டத் தெரியல, வெட்டினா எல்லாம் பூசணிக்கா மாதிரி வருது. என்னுதைக் குடுத்துடறேன்னுட்டேன். ஞாயித்துக்கெழம குடுக்கணும். மேலே நீலச் சாயம் போட்டா தெரியாது."

தாடி போன ஒருவன் கவுண்டரில் கிடந்தான். முகம் சின்னதாகிவிட்டது.

"நீயே வெச்சிக்கலாம்ல?"

"இன்னாத்துக்கு? பெரியமேட்ல எங்க விரிப்பேன், மாமு தலைமேலயா?" சிரித்தான். கத்தியைத் துடைத்தான். "ஆத்தை மட்டும் ஒழுங்கா போட்டிருந்தேன்னா கிறிஸ்மஸ் வரைக்கும் நின்னிருப்பேன்டா. ராத்திரி படுத்தா அதான் ஓடுது. அளந்துதான் போட்டேன். எப்படி ஒடுங்கிச்சின்னு தெரியல. வுடு. உனக்கு இன்னா வேணும்?"

இதோ சமயம். வாயைத் திறந்தேன்.

"லேஸ்" என்றேன்.

"எந்த கலர்?"

"எல்லாம்."

கறுப்பு, பழுப்பு, வெள்ளை. மூன்று ஜோடி. நான் போட்டிருந்தது ஹவாய் செருப்பு. அவன் அதைப் பார்த்துவிட்டு மூன்றையும் பொட்டலம் கட்டினான்.

14 ஆகஸ்ட், சனி

வெயில், பிறகு மேகம், பிறகு வெயில். வானத்துக்கும் முடிவெடுக்கத் தெரியவில்லை.

சொல்லாமல் இருக்கக் காரணங்கள்:

குமரன் பேச மாட்டான்.
பட்டப்பெயர் போய்விடும். பள்ளியில் 'வாணியம்பாடி விட்ட ஜோயல்' என்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்வேன்.
முருகேசன் சார் புது டப்பா நீலச் சாயம் வாங்கிவிட்டார்.
ஹெ.அ. திட்டுவாள். கத்த மாட்டாள், அதுதான் கஷ்டம்.
வேண்டுமென்று செய்யவில்லை.

சொல்லக் காரணங்கள்:

அவன் ராத்திரி படுத்தால் ஆறு ஓடுகிறதாம்.

ஒன்றுதான் கிடைத்தது. மேலே இருக்கிற ஐந்தும் சேர்ந்து அதை அசைக்க முடியவில்லை, முயன்று பார்த்தேன்.

கண்ணாடி முன் ஒத்திகை. அம்மா வெளியிலிருந்து அப்பாவிடம்: "தனியா பேசிட்டிருக்கான்." அப்பா: "பரீச்சையா?" அம்மா: "பொண்ணா இருக்கும்." அப்பா: "இவன் மூஞ்சிக்கா?"

நன்றி, அப்பா.

15 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் பள்ளியில் கொடியேற்றம். ஒருவருக்கு ஒரு மிட்டாய். நான் இரண்டு (வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றேன்). மதியம் மூன்று மணி, சங்கம். எல்லாரும் வந்திருந்தார்கள். இது வரலாறு, ஒழுங்காக எழுதுகிறேன்.

முருகேசன் சார் காலி நாற்காலியில் உட்காரப் போனார். தன்வீர் டப்பாவை நீட்டினான். அப்போது நான் எழுந்தேன். சபை அமைதியானது. ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, கணீரென்ற குரலில் சொன்னேன்: "நண்பர்களே! ரோம் நகரம் பொய்யின்மேல் நிற்காது. பாலாற்றை நான் தாண்டவில்லை. என் குதிரைகள் தாண்டவில்லை. தாண்டியது ஒரு தப்பான அளவு. தன்வீரின் ஆறு சரி, தன்வீரின் எண்ணிக்கை சரி. தவறு என்னுடையது. வாணியம்பாடியை அதன் மன்னனிடமே ஒப்படைக்கிறேன்!" ஹெ.அ. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குமரனே எழுந்து வந்து தோளைத் தட்டினான்.

மேலே இருக்கிற பத்தியில் மிட்டாய் வரைக்கும் உண்மை. டப்பாவும் நாற்காலியும் உண்மை. மற்றது கண்ணாடியிடம் பேசியது.

நடந்தது: எழுந்தேன். அது நடந்தது.  "அக்கா" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. முருகேசன் சார் "தண்ணி குடு, தண்ணி குடு" என்றார். ஸ்டிக்கை எடுத்தேன். மூலையில் சுருட்டி வைத்திருந்த ஆற்றுப் பட்டையை விரித்தேன். கரையில் ஒரு குதிரையை வைத்தேன். அகலமான பக்கத்தை வைத்துக் காட்டினேன். புரட்டி, நெருக்கமான பக்கத்தை வைத்துக் காட்டினேன். "இந்தப் பக்கம்" என்றேன். "அன்னிக்கு இந்தப்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஹெ.அ. ஸ்டிக்கை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். டேப்பின் பசை இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

"டேப் எங்க?"

நான் முருகேசன் சாரைப் பார்த்தேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரோ நிற்கிறார்கள் என்று.

தன்வீர் எழுந்து வந்தான். ஸ்டிக்கை ஹெ.அ. கையிலிருந்து வாங்கினான். பட்டையின்மேல் நெருக்கமான பக்கத்தை வைத்து எண்ணினான், உதடு அசைய. இருபத்திரண்டு. "சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றான், யாரிடமும் இல்லாமல். அவன் முகத்தை அதற்குமேல் பார்க்க முடியவில்லை. பின்னறைக்குப் போய்விட்டேன். ஷூ வடிக்கிற மர அச்சுகளை (லாஸ்ட்) அடுக்கி வைத்திருக்கும் அறை. சுவரெல்லாம் மரப்பாதங்கள், எல்லாம் என்னை நோக்கி.

கதவு வழியாகக் கேட்டது.

ஹெ.அ.: "அந்தத் தடவையிலேர்ந்து திரும்ப ஆடணும். குதிரை எல்லாம் ஆத்துல நிக்கட்டும். வாணியம்பாடி வுழல."

குமரன்: "அக்கா, என் யானைங்க?"

ஹெ.அ.: "அதுங்க நடந்து வந்தது சரிதான். அங்கயே நிக்கட்டும்."

முருகேசன் சார், ரொம்பத் தாழ்ந்த குரலில்: "அப்போ... யாருமே சாகலியா?"

தன்வீர்: "இருங்க ஸார். இன்னும் டைம் இருக்கு. நாலு பேருக்குத்தான் தாடி எடுத்தேன். அந்த நாலு பேரை நீங்க வெச்சிக்குங்க, சாயம் போட்டுப் பழகுங்க."

பிறகு என் கதவில் தட்டல்.

"டேய் ரோம். வெளிய வா. என்னோட டர்ன். உன் குதிரைங்க நடு ஆத்துல நிக்குது, நான் அடிக்கணும். நீ இல்லாம அடிச்சா நல்லாருக்காது."

"வரேன்" என்றேன். போகவில்லை.

"வாடா. யோசிக்காமயே அடிக்கறேன், சீக்கிரம் முடிஞ்சிடும்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனேன். அம்பு மழை. ஒரு குதிரை மிச்சமில்லை. அடுத்த வாரம் அவன் ஆற்றைத் தாண்டுவான், விரிஞ்சிபுரம் வரைக்கும் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவுட் ஆனாலும் ஆகலாம். குமரன் பேசவில்லை, ஆனால் என் பங்கு சமோசாவைத் தின்றான், ஆகவே பேசுவான்.

ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லாரும் கேட்டார்கள். உள்ளே தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது, உடைத்துக்கொண்டு வந்தேன் என்றேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றதற்கு, சொல்யூஷன் நெடி என்றேன். தன்வீர் தலையாட்டினான், நம்பியவன்போலவே.

அது அவன் சாச்சா கடை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. நான் முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.